மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் போயிருச்சு, நான் கரையில இருக்கேன் – தொழில் மாறினவங்க கொஞ்சம் பேசுங்க

கரையில_ஒருத்தன் · ஜூன் 16, காலை 4.50

தூக்கம் வரலை, அதான் எழுதுறேன்.

பாம்பன் பக்கம் ஊர். விசைப்படகுல 19 வருஷம், அதுல 12 வருஷம் டிரைவர். போன ஆகஸ்ட்ல தொழிலை விட்டுட்டு ஐடிஐ-ல சேர்ந்தேன். ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் படிப்பு, ரெண்டு வருஷம். வயசு 37. ஆம்பளைகளை 40 வரைக்கும்தான் எடுப்பாங்கன்னு தெரிஞ்சதும், இனியும் தள்ளிப்போட முடியாதுன்னு போய்ச் சேர்ந்துட்டேன்.

ஏன் விட்டேன்னு ஊர்ல எல்லாரும் கேட்டாச்சு. டீசல் செலவு, மீன்பாடு குறைஞ்சதுன்னு சொல்லி வைப்பேன். உண்மை வேற. பக்கத்துப் படகுல மச்சினன் முறை ஒருத்தன், எல்லை தாண்டிட்டான்னு பிடிபட்டு நாலு மாசம் கழிச்சுத்தான் வீடு திரும்பினான். அதுக்கப்புறம் என் மூத்த மக, ஸ்கூல் நோட்டோட கடைசிப் பக்கத்துல நான் போற நாளும் வர்ற நாளும் எழுதிவைக்க ஆரம்பிச்சிருக்கா. தற்செயலாத்தான் பார்த்தேன். "திங்கள் போயாச்சு, செவ்வாய் வந்தாச்சு." அப்படியே பக்கம் முழுக்க. இன்ஜின் நின்னு நான் ஒருநாள் தாமதமா வந்த செவ்வாய்க்கு நேரே மட்டும் எழுத்து இல்லை, பேனாவை அழுத்தி அழுத்தித் தாள்ல ஓட்டை விழுந்திருந்துச்சு.

பத்து மாசமா எப்படியோ ஓடிருச்சு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் எனக்கு எந்தக் குறையும் தெரியலை. ஊரே கரையில இருந்துச்சு, நானும் இருந்தேன். நேத்து ஐஸ் ஏத்தினாங்க, கடலுக்குப் போற அனுமதி டோக்கன் வாங்கினாங்க, போயிட்டாங்க. இன்ஜின் சத்தத்தை வச்சே எது யாரு படகுன்னு எனக்குத் தெரியும். பாயில படுத்துக்கிட்டே ஒவ்வொண்ணா எண்ணிட்டு இருந்தேன்.

வகுப்புல எல்லாம் பதினேழு வயசுப் பசங்க. வாத்தியாரே என்னைவிடச் சின்னவர். படகுல நான் ஒரு சத்தம் குடுத்தா மடிவலை இறங்கும். இங்க செம்புக் குழாயோட வாயை விரிச்சு ஃபிளேர் போடச் சொன்னா மூணு தடவையும் விளிம்பு கீறிப்போச்சு. பசங்க சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

உதவித்தொகை மாசம் 750 ரூபா. வீட்டுக்காரி கருவாட்டு யாவாரத்துலதான் அடுப்பு எரியுது. ஞாயித்துக்கிழமை ஒரு ஏசி கடையில எடுபிடியாப் போறேன். நேத்து படகு முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். முன்பணம் ஒரு லட்சம், அடுத்த டோக்கனுக்கே வந்தா போதும்னு சொல்லி விட்டிருக்கார்.

படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. மனசை எப்படிப் பிடிச்சு நிறுத்துறது? தொழில் மாறினவங்க மட்டும் சொல்லுங்க. புத்திமதி நிறைய வாங்கிட்டேன்.

குந்துகால்_தம்பி · ஜூன் 16, காலை 6.15

அண்ணே, அந்த ஒரு லட்சத்துக்கு இன்னிக்கே பதில் சொல்லிறாதீங்க. நாளைக்குச் சொல்லுங்க. இன்னிக்கு ஊர்ல யாருக்குமே மனசு நிதானத்துல இல்லை.

உப்புக்காத்து · ஜூன் 16, காலை 8.40

தம்பி, உச்சிப்புளியில இருந்து எழுதுறேன். ஏசி வேலையில 16 வருஷம்.

முதல்ல அந்த ஃபிளேர். குழாயை வெட்டினதும் உள்விளிம்புல பிசிறு நிக்கும். அதை எடுக்காம ஃபிளேர் போட்டா விளிம்பு கீறத்தான் செய்யும். எடுக்கும்போது குழாய் வாய் தரையைப் பார்த்து இருக்கட்டும், தூள் உள்ள போகாது. ஃபிளேர் கருவியோட கூம்புல ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கால் சுத்து கால் சுத்தா இறக்குங்க. நாளைக்கே போட்டுப் பாருங்க. மனசு சோர்ந்து போச்சுன்னு நாம சொல்றதுல பாதி, இந்த மாதிரி யாரும் பக்கத்துல நின்னு சொல்லித்தராத ஒரு சின்ன விஷயமாத்தான் இருக்கும்.

ரெண்டாவது, உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்க கணக்குலயே எடுக்கலை. ராமேஸ்வரத்துல ஏதாவது லாட்ஜ் மொட்டைமாடியில ஏறி வெளி யூனிட்டைப் பாருங்க. பின்னாடி இருக்கிற அலுமினியத் தகடு கை பட்டாலே அப்பளமா உதிரும். எல்லாம் உப்புக்காத்து. மாசம் ஒருதரம் நல்ல தண்ணி விட்டுக் கழுவினாலே ரெண்டு மூணு வருஷம் கூட உழைக்கும். வெளியூர்ல இருந்து வர்ற பையன் கேஸ் அடைச்சுட்டுப் போயிடுவான், உப்பைப் பார்க்க மாட்டான். படகு வந்து கட்டினதும் இன்ஜின்ல உப்பைக் கழுவாம நீங்க ஒருநாளாவது வீட்டுக்குப் போயிருப்பீங்களா?

நான் எடுபிடியாப் பை தூக்கினப்ப எனக்கு 22 வயசு. 37-ல அது கஷ்டம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

மரிக்கொழுந்து · ஜூன் 16, இரவு 9.20

அண்ணே, நான் மண்டபம் பக்கம். சின்னப்பிள்ளையில இருந்து எங்கம்மாகூடக் கடல்பாசி எடுத்தவ. மரிக்கொழுந்துப் பாசி பாறையை ஒட்டிக் கிடக்கும். மூச்சடக்கி உள்ள போய் விரலாலதான் பிடுங்கணும். விரல் எல்லாத்துலயும் துணி சுத்திட்டுத்தான் இறங்குவோம், அப்படியும் பாறை கிழிக்கும். பாசி அழிஞ்சிறக் கூடாதுன்னு எங்க பொம்பளைக தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வச்சு, மாசத்துல 12 நாள்தான் எடுக்கப் போவோம். மீதி நாள் சும்மா இருக்கோமேன்னுதான் நான் தட்டச்சு வகுப்புக்குப் போனேன். அப்ப எனக்கு 31. பத்தாவதைத் தனித்தேர்வா எழுதி முடிச்சிருந்தேன், அவ்வளவுதான் படிப்பு.

முதல் பாடம் யளனக. இடது சுண்டுவிரல் 'ய'. கடலுக்குப் போய்ட்டு வந்த மறுநாள் விரல் நுனி முழுக்க வெட்டு இருக்கும். பழைய மிஷின், ஓங்கி அழுத்தினாத்தான் எழுத்து விழும். ஒவ்வொரு 'ய'வுக்கும் உச்சந்தலை வரைக்கும் காந்தும். பக்கத்து மிஷின்ல பத்தாவது படிக்கிற பிள்ளை மழை பெய்யிற மாதிரி அடிச்சுக்கிட்டு இருப்பா.

எனக்கு உதவினதைச் சொல்றேன். பயிற்சித் தாள் ஒண்ணையும் நான் தூக்கிப் போடலை. தேதி எழுதி, அரிசி டின்னுக்கு அடியில அடுக்கி வச்சேன். முதல் தாள்ல வரிக்கு அஞ்சு தப்பு, ஓரத்துல ரத்தக்கறை வேற. போகவே பிடிக்காத அன்னிக்கு, அரிசி எடுக்கக் குனியும்போது அந்தக் கட்டு கண்ணுல படும். எடுத்துப் பார்ப்பேன். எனக்கு வருதா வரலையான்னு என் மனசைக் கேட்டா, எப்பவும் வரலைன்னுதான் சொல்லும். தாளைக் கேட்டா சரியான பதில் சொல்லும்.

பிப்ரவரித் தேர்வுல ஃபெயில். தெருவுல ஒருத்தி, "பாசிக்காரிக்கு எதுக்குடி மிஷினு"ன்னு கேட்டா. ரெண்டு வாரம் வகுப்புப் பக்கமே போகலை. அப்புறம் போனேன். ஆகஸ்ட்ல பாஸ். இப்ப ஒரு இ-சேவை மையத்துல கவுன்டர்ல உட்கார்றேன். பாசி எடுக்கிற பொம்பளைக நலவாரிய விண்ணப்பத்துக்கு வந்தா என்னைத் தேடித்தான் வர்றாங்க.

கீறின ஃபிளேரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? போடாதீங்கண்ணே. தேதி எழுதி வைங்க.

வத்தைக்காரன் · ஜூன் 17, மதியம் 1.05

யாரும் கோவிச்சுக்காதீங்க. ஊக்கம், உறுதின்னு பேசறது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கரையில படிக்கப் போய் பாதியில திரும்பி வந்தவங்க யாரும் மனசு விட்டுப்போய் வரலை. வட்டி கட்ட முடியாமத்தான் வந்தாங்க. என் தம்பி அப்படி வந்தவன். அவனைச் சோம்பேறின்னு ஊர் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும்.

அண்ணே, கணக்கைச் சொல்லுங்க. மாசம் வீட்டுக்கு எவ்வளவு வேணும், அண்ணியோட யாவாரத்துல எவ்வளவு வருது, மகளிர் குழுக் கடன் எவ்வளவு போகுது? துண்டு விழற தொகை அஞ்சாயிரமா, பத்தாயிரமா? அது தெரிஞ்சா அதுக்கு ஒரு வழி பார்க்கலாம். விசைப்படகு வாரத்துல மூணு நாள்தானே போகுது? சனிக்கிழமை டோக்கனுக்கு மட்டும் கூலி ஆளாப் போனா ஞாயிறு திரும்பிடலாம், திங்கள் வகுப்பு.

உப்புக்காத்து · ஜூன் 17, மதியம் 2.30

வத்தைக்காரன் சொல்ற கணக்கு நூத்துக்கு நூறு சரி. சனிக்கிழமை யோசனை எனக்குப் பிடிக்கலை. ஞாயித்துக்கிழமைதான் அவர் கடைக்குப் போறார், கை பழகறது அங்கதான். அதைவிட, டிரைவரா இருந்தவர் படகுல ஏறினா ரெண்டாவது வாரமே ஸ்டியரிங் அவர் கைக்கு வந்துரும். சனி புதனாகும், புதன் திங்களாகும்.

மரிக்கொழுந்து · ஜூன் 17, மாலை 6.45

எனக்கு அப்படி ஆகலை. 12 நாள்னு ஊரே சேர்ந்து வச்ச கணக்கு என்னைக் காப்பாத்துச்சு. பதிமூணாவது நாள் நான் இறங்க நினைச்சாலும் மத்த பொம்பளைக விட மாட்டாங்க. அண்ணனுக்கு அப்படிப் பிடிச்சு நிறுத்த ஆள் இருந்தா சனிக்கிழமை போகலாம். இல்லைன்னா நீங்க சொல்றதுதான் சரி.

முத்துச்சிப்பி · ஜூன் 17, இரவு 10.10

நான் கீழக்கரை. எங்க வாப்பா அட்டைக்கு முங்குன ஆளு. 2001-ல கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள கொண்டுவந்தாங்க. அதுக்கு முந்தின மாசம் வரைக்கும் சம்பாதிச்ச தொழில், மறுமாசம் செஞ்சா கேஸ். இங்க எல்லாரும் தானா மாறினதைப் பேசுறீங்க. அவங்களுக்கு அந்த வசதிகூட இல்லை.

நான் அப்ப சின்னப் பையன். வாப்பா காலைல எழும்பி, முங்கப் போற கண்ணாடியைத் துடைச்சுத் திண்ணையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. எட்டு மாசம். உம்மா ஒரு வார்த்தை சொல்லலை. ஒருநாள் பக்கத்துத் தெரு காக்கா (அண்ணன்) ஒருத்தர் வந்து, "ஃபைபர் படகு அடியில ஓட்டை, கண்டுபிடிக்க முடியலை, கொஞ்சம் தண்ணிக்குள்ள போய்ப் பார்த்துச் சொல்றீங்களா"ன்னு கேட்டார். போனாங்க. பார்த்துச் சொன்னாங்க. ஒட்டுறதையும் கூட நின்னு பார்த்தாங்க. அடுத்த வாரம் இன்னொரு படகு. ரெசினும் ஃபைபர் பாயும் வச்சு ஒட்டுற வேலையை அப்படியே கத்துக்கிட்டாங்க. கடைசி வரைக்கும் அந்த வேலைதான். என் தங்கச்சி கல்யாணம் அந்தக் காசுல நடந்துச்சு.

வாப்பாகிட்ட ஒருதரம் கேட்டேன், எப்படி எழுந்திரிச்சீங்கன்னு. "எனக்குத் தெரிஞ்சதைத்தானே அவன் கேட்டான்"னாங்க.

உங்க முதல் பதிவைப் படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. பத்து மாசமா உங்களுக்குத் தெரியாததை மட்டும்தான் எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. எந்த மனுஷனும் அதுல வாடித்தான் போவான்.

ஆழ்கடல்_தூண்டில் · ஜூன் 18, காலை 7.00

2017-ல இழுவைமடியை விட்டுட்டு ஆழ்கடல் சூரைமீன் தூண்டிலுக்கு மாறுற திட்டம் வந்துச்சு, 80 லட்ச ரூபா படகுக்கு 70 சதவீதம் மானியம். நான் அதுல ஏறினவன். அதே கடல்தான், ஆனா முதல் வருஷம் முழுக்கக் கத்துக்குட்டி. என்னோட இறங்கின ரெண்டு பேர் இழுவைமடிக்கே திரும்பிட்டாங்க, அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். தொழில் மாறினா ரெண்டு மூணு வருஷத்துக்கு நம்ம பேரு கீழ போயிடும். அது தெரிஞ்சு இறங்கினா கொஞ்சம் தாங்கலாம்.

கருவாட்டுக்கூடை · ஜூன் 18, மதியம் 3.20

நான் வேற வீட்டுக்காரி, ஆனா இதே கதை. எங்க வீட்டுக்காரவுக டிரைவர் வேலையை விட்டுட்டு லேத் பட்டறைக்குப் போனாக. இங்க எழுதின யாருமே வீட்டுல இருக்கிறவளைப் பத்திப் பேசலை, அதான் வந்தேன்.

அவுக வர்றப்ப முகம் தொங்கிப்போய் வரும். நான் தினம் "இன்னிக்கு என்ன நடந்துச்சு"ன்னு கேப்பேன். அன்பாத்தான் கேட்டேன். அவுகளுக்கு அது ஏலக்கடையில மீன்பாட்டைக் கொட்டிக் காட்டச் சொல்ற மாதிரி இருந்திருக்கு. ஒருநாள் வாய்விட்டே சொல்லிட்டாக. அப்புறம் நாங்க ஒரு பேச்சு வச்சுக்கிட்டோம்: வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் கேப்பேன், அன்னிக்கு ஒளிக்காமச் சொல்லணும். காசு பத்தியும் அன்னிக்கு மட்டும்தான். மத்த நாள் சோறு, பிள்ளைக, தூக்கம்.

இன்னொண்ணு. சந்தையில நாலு பேரு முன்னாடி "உன் புருஷன் இப்ப என்ன பண்றாரு"ன்னு கேட்டா பதில் சொல்றது நாங்கதான். "படிக்கிறாக"ன்னு நான் முதல்ல சொன்னப்ப எனக்கே குரல் எழும்பலை. உங்க வீட்டுக்காரி அதைத் தினமும் சொல்லிட்டுத்தான் கருவாடு விக்கிறா, ஞாபகம் வச்சுக்கிடுங்க தம்பி.

கரையில_ஒருத்தன் · ஜூன் 19, இரவு 11.00

எல்லாரோடதையும் ரெண்டு தடவை படிச்சேன். கருவாட்டுக்கூடை அக்கா எழுதினதை வீட்டுக்காரிக்குப் படிச்சுக் காட்டினேன். அவ ஒண்ணும் சொல்லலை, உள்ள போயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "உண்மைதான்"னா.

முன்பணம் வேண்டாம்னு சொல்லி விட்டுட்டேன். ஒரு லட்சம் கையில வந்தா அதை அடைக்கிற வரைக்கும் அந்தப் படகை விட்டு நகர முடியாது, அது 19 வருஷத்துல நல்லாத் தெரியும்.

வத்தைக்காரன் கேட்ட கணக்கை ரெண்டு பேரும் உட்கார்ந்து நோட்டுல போட்டோம். மாசம் ஆறாயிரத்து ஐநூறு துண்டு விழுது. இத்தனை மாசமா நான் அதைப் பதினஞ்சாயிரம்னு நினைச்சுப் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன். எழுதினதும் பயம் பாதியாக் குறைஞ்சது, இதைப் படிக்கிற மத்தவங்களும் தயவுசெஞ்சு எழுதிப் பாருங்க. ஆறாயிரத்து ஐநூறுக்கு வழி தெரிஞ்சா சொல்லுங்க. சனிக்கிழமை கடல் வேண்டாம். என்னைப் பிடிச்சு நிறுத்த ஆள் இல்லை, உப்புக்காத்து அண்ணன் சொன்னது சரி.

வத்தைக்காரன் · ஜூன் 20, காலை 5.30

ஜெட்டி பக்கம் இருக்கிற ஐஸ் பிளான்ட்டுகள்ல கேட்டுப் பாருங்க. தடைக்காலம் முடிஞ்சதும் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஆள் தேடுவாங்க. படகு போறதுக்கு முந்தின ராத்திரிதான் ரஷ், வாரத்துல மூணு ராத்திரி. குளிர வைக்கிற மெஷின்தான், அதுவும் உங்க படிப்புதானே?

உப்புக்காத்து · ஜூன் 20, காலை 9.15

இது எனக்குத் தோணவே இல்லை. போங்க தம்பி. ஐஸ் பிளான்ட்ல குளிர வைக்கிறது அமோனியா, அதுல கைவச்சவன் நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி. பத்திரம் மட்டும் பார்த்துக்குங்க. காரமா மூக்குல ஏறினா காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கம் போயிடணும்.

கரையில_ஒருத்தன் · அக்டோபர் 9, இரவு 8.30

நாலு மாசமா எழுதலை, மன்னிக்கணும். யாராவது இந்த இழையைத் தேடி வந்தா பாதியில நிக்கக் கூடாதுன்னு எழுதுறேன்.

ஐஸ் பிளான்ட்ல சேர்ந்துட்டேன். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி ராத்திரி. இத்தனை வருஷம் ஐஸ் வாங்கினேன், அது எப்படி உறையுதுன்னு ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை. பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணி, அதுக்குள்ள வரிசையாத் தகரக் கேன். அமோனியா ஓடற குழாய் அந்த உப்புத்தண்ணியைச் சில்லிட வைக்கும், உப்பு இருக்கிறதால அது உறையாது, கேனுக்குள்ள இருக்கிற நல்ல தண்ணி உறைஞ்சு 'பார்'னு சொல்ற பெரிய ஐஸ்கட்டியாகும். தூக்கிக் கொஞ்ச நேரம் சாதாத் தண்ணியில அமுக்கினா ஓரம் இளகி வழுக்கிக்கிட்டு வெளிய வரும். கசிவு பார்க்கக் கந்தகத் திரி கொளுத்தி மூட்டுப் பக்கம் காட்டுவோம். அமோனியா கசிஞ்சா அந்த இடத்துல வெள்ளையாப் புகை கிளம்பும். முதல் தடவை நானாக் காட்டிக் கண்டுபிடிச்சப்ப, புகையைப் பார்த்துக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

வகுப்புல நடந்ததையும் சொல்லணும். ரெண்டாம் வருஷம் தொடங்கின புதுசு. ஒன்றரை டன் ஏசின்னா அதுல டன்னுங்கிறது என்னன்னு வாத்தியார் கேட்டார். மெஷினோட எடைன்னு ஒருத்தன் சொன்னான். எனக்கும் தெரியாது. அப்ப அவர் சொன்னார்: முன்காலத்துல ஐஸ்கட்டி வச்சுத்தான் குளிர வச்சாங்க, ஒரு டன் ஐஸ் ஒருநாள் முழுக்கக் கரைஞ்சா எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுதான் ஒரு டன், அந்த டன் 907 கிலோ. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. எங்க பார் ஒண்ணு கிட்டத்தட்ட 50 கிலோ. அப்ப ஒரு டன் ஏசின்னா ஒருநாளைக்குப் பதினெட்டு பார். ஒன்றரை டன்னுன்னா இருபத்தேழு. இருபத்தேழு பார் ஐஸ் ரூம்ல எப்படி இருக்கும், எத்தனை பெட்டி மீனைத் தாங்கும்னு எனக்குக் கண்ணை மூடினாத் தெரியும்.

வாய்விட்டுச் சொல்லிட்டேன். பசங்க திரும்பிப் பார்த்தாங்க. மீனுக்கு எப்படி ஐஸ் வைப்பீங்கன்னு ஒரு பையன் கேட்டான். கிலோவுக்குக் கிலோ ஐஸ், அடியில ஒரு அடுக்கு, மேல ஒரு அடுக்கு, கரையிற தண்ணி தேங்காம வடியணும், கட்டியா வச்சாப் போதாது, உடைச்சு ஒட்டவைக்கணும்னு சொன்னேன். ஏன் உடைக்கணும்னு கேட்டான். அன்னிக்கு அரைமணி நேரம் பேசினோம். முத்துச்சிப்பி தம்பி, உங்க வாப்பா சொன்னது அப்ப முழுசாப் புரிஞ்சது.

கஷ்டம் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். போன மாசம் காய்ச்சல்ல மூணு ராத்திரி வேலைக்குப் போகலை, வட்டிக்கு வாங்க வேண்டியதாயிருச்சு. முதல் வருஷத் தேர்வு கம்ப்யூட்டர்ல, கையெல்லாம் வேர்த்துச்சு, பாஸ் பண்ணிட்டேன். வெள்ளி ராத்திரிதான் எனக்கு ஷிஃப்ட்டுங்கிறதால வீட்டுல எங்க பேச்சு நாளை வியாழனுக்கு மாத்திக்கிட்டோம், அக்கா.

கீறின ஃபிளேரு மூணும் ஜன்னல் மேல இருக்கு, தேதி ஒட்டி. மரிக்கொழுந்து தங்கச்சி சொன்ன நாள்ல இருந்து போட்டது எல்லாம் அதுக்குப் பக்கத்துல வரிசையா இருக்கு. பதினொண்ணாவதுல இருந்து கீறல் இல்லை. சின்ன மக அதை ஊதிப் பார்க்கிறா.

மரிக்கொழுந்து · அக்டோபர் 9, இரவு 9.05

அண்ணே, மூத்த மக நோட்டு?

கரையில_ஒருத்தன் · அக்டோபர் 9, இரவு 9.40

அவ புது வகுப்புக்குப் போயிட்டா, புது நோட்டு. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கணக்குதான் போட்டுப் பார்த்திருக்கா, வகுத்தல்.

உப்புக்காத்து · அக்டோபர் 10, காலை 7.20

தம்பி, தீபாவளி சீசனுக்கு முன்னாடி ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ்ல 14 வெளி யூனிட் கழுவி, தகடைச் சீவி நேராக்கி, கசிவு பார்க்கணும். எனக்குக் கூட ஒரு ஆள் வேணும், கூலி பேசிக்கலாம். வர்ற ஞாயிறு பகல் முடியுமா? ராத்திரி ஷிஃப்ட்டுக்குள்ள பாம்பன்ல இறக்கி விட்டுர்றேன்.

கரையில_ஒருத்தன் · அக்டோபர் 10, காலை 7.35

வர்றேன்ணே. தண்ணி லாட்ஜ்ல இருக்குமா, நல்ல தண்ணியான்னு மட்டும் முன்னாடியே கேட்டு வைங்க.